பிசியோதெரபிக்குப் போகும் முன்

முதல் நாளே கரண்ட் வைத்து வலியைப் போக்கிவிடுவார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். முதல் சந்திப்பில் பெரும்பகுதி கேள்விகளிலும், மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம் என்று பார்ப்பதிலுமே போய்விடும். அதனால் தளர்வான உடை போதும். முழங்கால் வலிக்கு இறுக்கமான ஜீன்ஸில் போனால் சிரமம் உங்களுக்குத்தான்.

எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை சில உண்டு: பேஸ்மேக்கர், உடலுக்குள் வைத்த உலோகத் தகடு, கர்ப்பம், புற்றுநோய், எலும்புத் தேய்மானம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை. பேஸ்மேக்கர் இருப்பவருக்கு மின்காந்த அலையால் உடலுக்குள் சூடேற்றும் ஷார்ட்வேவ் டயாதெர்மி போன்ற கருவிகள் ஆபத்து. சர்க்கரை நோயால் கால் மரத்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். ஒத்தடத்தின் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

"வலி குறையணும்" என்பதைவிட "கைப்பிடி இல்லாமல் மாடி ஏறணும்" என்று சொல்லிப் பாருங்கள். பயிற்சியை அதற்கேற்ப அமைக்க அவர்களுக்கு எளிது.

அப்புறம், பயிற்சிக்குப் பின் லேசான வலி வருவது சகஜம். ஓரிரு நாளில் அடங்க வேண்டும். சுரீரென்ற வலி, புதிதாக மரத்துப்போதல் என்றால் நிறுத்திவிட்டுத் தெரிவியுங்கள். முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்படவில்லை என்றால் பிசியோவுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

வீட்டுப் பயிற்சிகளை அங்கேயே ஒருமுறை செய்துகாட்டி, அனுமதி கேட்டு மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வீடு வந்ததும் பாதி மறந்துபோகும்.