எடை குறைந்த கேமிங் மவுஸ்: வாங்கும் முன்னும் பின்னும் சோதிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்துக் கணினிக் கடைகளில் கேமிங் மவுஸ் கேட்டால் முதலில் காதில் விழுவது எடைதான். லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 63 கிராமுக்குள் நிற்கிறது. கறுப்பு ரேசர் வைப்பர் வி3 ப்ரோ 54 கிராம். கன்னாதிட்டி நகைக்கடைக் கணக்கில் இரண்டுமே எட்டுப் பவுனுக்குக் குறைவு. ஆனாலும் எடையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். கைக்குப் பொருந்தாத 54 கிராமை விட, பொருந்துகிற 70 கிராம் எவ்வளவோ மேல்.

முதலில் பிடி. உள்ளங்கை முழுவதும் படிகிறதா, விரல்கள் வளைந்து நிற்கின்றனவா, விரல் நுனிகள் மட்டும் தொடுகின்றனவா என்று கவனியுங்கள். கடையிலேயே மவுஸைத் தூக்கித் தூக்கி வையுங்கள். ஒவ்வொரு முறையும் விரல்கள் அதே இடத்தில் விழ வேண்டும்.

அடுத்தது உடல். இரு பக்கமும் அழுத்துங்கள். ஓடு நெளிந்து பக்கப் பொத்தான் தானாக அழுந்தினால் வேண்டாம். எடை குறைக்க ஓட்டில் துளையிட்ட மவுஸ்களும் உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் அந்தத் துளைகளுக்குள் போகும் புழுதியை யார் துடைப்பது?

வீட்டில் சென்சார் சோதனை; மவுஸின் அடியில் இருந்து அசைவைப் படிப்பது இதுதான். இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். விண்டோஸ் மவுஸ் அமைப்பில் ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ தெரிவை அணைத்து, டிபிஐயை (மவுஸின் அசைவு உணர்திறன் அளவை) 800இல் வையுங்கள். வலோரன்ட் அல்லது கவுன்டர் ஸ்ட்ரைக் 2 விளையாட்டின் பயிற்சிக் களத்தில் சுவரின் ஒரு புள்ளியைக் குறிவையுங்கள். மவுஸ் விரிப்பில் மவுஸ் நிற்கும் இடத்தை ஒரு சிறு நாடாவால் அடையாளமிட்டு, வலப்பக்கம் மெதுவாக நகர்த்தி, வேகமாக அதே அடையாளத்துக்கு இழுத்து வாருங்கள். குறி பழைய புள்ளிக்கு மிக அருகில் வந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் வெகுதூரம் விலகினால், எங்கோ வேகமுடுக்கம் (கை வேகத்துக்கேற்பக் குறி நகரும் தூரம் மாறுவது) ஒளிந்திருக்கிறது, அல்லது சென்சார் தடுமாறுகிறது.

பிறகு இரண்டு பழைய சீடிகளைச் சிறு இடைவெளி விட்டு வைத்து, சென்சார் அந்த இடைவெளிக்கு மேல் வரும்படி மவுஸை ஏற்றி அசையுங்கள். சீடியின் தடிப்பு 1.2 மில்லிமீற்றர். அந்த உயரத்திலும் அம்புக்குறி ஓடினால், மவுஸைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் உங்கள் குறி துள்ளும். பல மவுஸ்களில் இந்த உயரத்தை நிறுவனத்தின் மென்பொருளிலேயே குறைக்கலாம்.

போலிங் ரேட், அதாவது மவுஸ் ஒரு செக்கனில் எத்தனை முறை கணினிக்குத் தகவல் அனுப்புகிறது என்பது பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். 1000 ஹேர்ட்ஸ் என்றால் 1 மில்லிசெக்கனுக்கு ஒரு தகவல். 8000 ஹேர்ட்ஸ் என்றால் 0.125. இங்கிருந்து சிங்கப்பூர் சேவையகத்துக்குப் போய்த் திரும்பவே பத்துக்கணக்கான மில்லிசெக்கன்கள் கரைகின்றன. வயர்லெஸ் என்றால் ரிசீவரைக் கணினியின் பின்புறம் செருகாமல், நீட்டிப்புக் கேபிளில் மவுஸ் விரிப்புக்கு அருகே கொண்டு வாருங்கள்.

கடைசியாகப் பொத்தான்கள். ஒரு அழுத்தம் இரண்டாகப் பதிவாகிறதா என்று முதல் வாரத்திலேயே பாருங்கள். உத்தரவாதத்துக்கு மவுஸ் கொழும்புக்குப் போக வேண்டியிருக்கலாம் என்பதால் பெட்டியும் பற்றுச்சீட்டும் பத்திரம். வியர்வைக்கு ஒட்டும் கிரிப் நாடாவை இதெல்லாம் முடியும்வரை ஒட்ட வேண்டாம். ஒட்டிய மவுஸைத் திரும்ப வாங்கக் கடைக்காரர் முகம் சுளிப்பார்.