பியரையும் விஸ்கியையும் ஒப்பிட்டுச் சுவைப்போர் கொழும்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு விஸ்கிகளை அருகருகே வைத்துச் சுவைத்து, இதுதான் மேலானது என்று தீர்ப்புக் கூறுபவர் பெரும்பாலும் அந்த விஸ்கிகளை ஒப்பிட்டிருப்பதில்லை. ஒன்று குளிரூட்டிய அறையிலிருந்தும் மற்றது வெயில் படும் அலுமாரியிலிருந்தும் வந்திருக்கும். ஒன்றை வெறும் வாயுடனும் மற்றதை டெவல் செய்த கோழியுடனும் குடித்திருப்பார். ஒன்றின் விலை அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். விமான நிலையத்தின் தீர்வையற்ற கடையில் வாங்கிய சிங்கிள் மோல்ட்டையோ, வெளிநாட்டு உறவினரின் பெட்டியில் வந்த கிராப்ட் பியரையோ நண்பர் வீட்டில் கூடி ஒப்பிட்டுப் பார்க்கும் சிறு வட்டங்கள் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் உண்டு. அவர்களுடைய ஆர்வத்தில் குறையில்லை. குறை இருப்பது ஒப்பீட்டின் நிபந்தனைகளில்தான். கீழே சொல்லப்படுபவை யாவும், மது வாங்குவதற்குச் சட்டம் குறிக்கும் 21 வயதைக் கடந்து, போதைக்காக அல்லாமல் சுவைக்காகக் கூடுபவர்களுக்கு உரியவை.

முதலிற் கவனிக்க வேண்டியது கொழும்பின் வெப்பம். விஸ்கியை அறை வெப்பநிலையில் அருந்த வேண்டும் என்ற அறிவுரை ஸ்கொட்லாந்தின் அறையை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது. அது ஏறக்குறைய 18 முதல் 20 பாகை செல்சியஸ் வரையிலானது. கொழும்பில் மின்விசிறி மட்டும் சுழலும் ஓர் அறையில், மாலையிலும் 28 அல்லது 29 பாகை இருக்கும். அந்த வெப்பத்தில் மதுசாரம் விரைந்து ஆவியாகிக் கிளாஸின் வாயருகே திரண்டு நிற்பதால், மூக்கை அருகிற் கொண்டுசென்றவுடன் சுள்ளென்ற காரம் தாக்குகிறது. அதற்கு அடியில் இருக்கும் பழ வாசனையோ மர வாசனையோ எட்டுவதில்லை. “இது வெறும் ஸ்பிரிட்” என்று ஒதுக்கப்படும் பல நல்ல விஸ்கிகள் இப்படி வெப்பத்தின் பழியைச் சுமப்பவையே. போத்தல்களை எல்லாம் ஒரே குளிரூட்டிய அறையில் இரண்டு மணி நேரம் வைத்திருந்து, அங்கேயே ஊற்றிச் சுவைப்பது போதும். ஐஸ் போடுவது அவரவர் விருப்பம். ஆனால் ஒப்பீட்டின்போது வேண்டாம், ஏனெனில் ஐஸ் கரையும் வேகம் கிளாஸுக்குக் கிளாஸ் வேறுபடும்.

பியருக்கு வெப்பம் செய்யும் கேடு இதைவிடப் பெரிது. அதுவும் குடிப்பதற்கு வெகு முன்னரே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. வெப்பநிலை 10 பாகை உயரும்போது பியர் பழுதடையும் வேகம் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகிறது என்பது வடிப்போர் கொள்ளும் பொதுக் கணக்கு. அதன்படி பார்த்தால் 4 பாகைக் குளிரில் இருக்கும் பியரைவிட 30 பாகையில் அடுக்கப்பட்டிருக்கும் பியர் ஏறக்குறைய ஆறு மடங்கு வேகமாக மூப்படைகிறது. ஒரு மாதம் வெளியே நின்ற போத்தல், குளிரில் அரை வருடம் இருந்ததற்குச் சமம். நனைந்த காகித அட்டையைப் போன்ற மணம் அப்போதுதான் வருகிறது. ஒட்சியேற்றத்தால் உண்டாகும் நொனெனல் என்ற சேர்மம் அதற்குக் காரணம். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் என்ற பூவின் மணத்தையே உயிராகக் கொண்ட ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) வகைப் பியர்களில் இழப்பு இன்னும் வெளிப்படையானது: மாம்பழம், தோடம்பழம் என்று லேபிள் சொல்ல, கிளாஸில் கசப்பு மட்டும் எஞ்சியிருக்கும். ஆகவே ஐ.பி.ஏ. வாங்கும்போது முதலிற் பார்க்க வேண்டியது காலாவதித் திகதியை அல்ல, அடைத்த திகதியை. அடுத்ததாகக் கடையில் அது குளிர்ப்பெட்டிக்குள் இருந்ததா, கவுண்டருக்குப் பின்னால் நின்றதா என்பதை.

வெளிச்சமும் பகையே. ஹொப்ஸின் கசப்புச் சேர்மங்கள் ஒளி பட்டுச் சிதையும்போது உருவாகும் கந்தகச் சேர்மம், மிக நுண்ணிய அளவிலும் மூக்குக்குத் தெரியும் ஒரு துர்நாற்றம் கொண்டது. கபில நிறக் கண்ணாடி அந்த ஒளியைப் பெருமளவு தடுக்கிறது; பச்சைக் கண்ணாடியும் நிறமற்ற கண்ணாடியும் அவ்வளவாகத் தடுப்பதில்லை. பச்சைப் போத்தலில் வரும் சில பியர்களின் அந்த மணத்தையே அவற்றின் இயல்பான சுவை என்று பழகிப்போனவர்கள் உண்டு.

கெடாமற் காப்பாற்றிய பியரை உறைநிலைக்கு அருகே குளிர்வித்துக் குடிப்பது மறுபக்கத் தவறு. நம் ஊர்ப் புழுக்கத்தில் 2 பாகைக் குளிரில் ஒரு லாகர் இதமாக இருக்கும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் நாக்கை மரக்கச் செய்யும் அந்தக் குளிரில் எல்லாப் பியரும் ஒன்றுபோலவே தெரியும். மெல்லிய பொன்னிறப் பியரான லாகருக்கு 5 முதல் 7 பாகை வரையிலும் கனத்த கறுப்புப் பியரான ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13 பாகை வரையிலும் பொருந்தும். லயன் ஸ்டவுட் இதற்கு நல்ல சான்று. பியகமவில் வடிக்கப்படும் இந்தக் கறுப்புப் பியரை, பியர் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஆங்கிலேயரான மைக்கேல் ஜாக்சன் உலக வாசகர்களுக்கு எடுத்துச் சொன்னார். நாமோ அதை ஐஸ் போலக் குளிர்வித்து, அதன் கோப்பி மணத்தையும் கருப்பட்டி இனிப்பையும் அமுக்கிவிட்டு, “கைக்கிறது” என்கிறோம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் மேசையில் நிற்க விடுங்கள். கொழும்பு வெப்பம் உதவிக்கு வரும் ஒரே இடம் இதுதான்.

ஒரு போத்தல் பியரை ஆறு பேருக்குப் பங்கிடும்போது நடப்பதையும் உற்றுப் பார்க்க வேண்டும். போத்தலுக்குள்ளேயே நொதித்த வகைகளில் அடியில் மதுவம் படிந்திருக்கும். முதற் கிளாஸ் தெளிவாகவும் கடைசிக் கிளாஸ் கலங்கலாகவும் விழ, முதலாமவர் “மெல்லிய சுவை” என்பார், ஆறாமவர் “பாண் மாவின் மணம்” என்பார். பிறகு இருவரும் வேறு வேறு பானங்களை வைத்துக்கொண்டு வாதிடுவார்கள். எல்லாவற்றையும் முதலில் ஒரு சுத்தமான சாடியில் மெதுவாக வார்த்து, அதிலிருந்து பங்கிட்டால் அந்த வாதம் எழாது. கிளாஸின் உட்சுவரில் வாயுக் குமிழிகள் ஒட்டி நின்றால், அது சரியாகக் கழுவப்படவில்லை என்று பொருள். எண்ணெய்ப் பசையும் சவர்க்கார மிச்சமும் நுரையைக் கொன்றுவிடும். விஸ்கிக்கு விலை கூடிய கிளாஸ் தேவையில்லை. வயிறு அகன்று வாய் குறுகிய சிறு கிளாஸ்கள், எல்லாம் ஒரே மாதிரியாக இருந்தாற் போதும். குழாய் நீரை நேரே சேர்ப்பதுதான் கூடாது. அதிலுள்ள குளோரின், விஸ்கிக்குப் புகை மணம் தரும் பீனோல் என்ற சேர்மங்களோடு சேர்ந்து மருந்து நெடியைக் கிளப்பும்.

மூக்கைச் சூழ்ந்திருப்பவற்றை நம்மவர்கள் கணக்கில் எடுப்பதேயில்லை. வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டு மாலையில், சாதாரண கலப்பு விஸ்கி ஒன்றை மணந்த நண்பர் கண்களை மூடிக்கொண்டு, அதில் ஆழமான புகை மணமும் கடற்கரை வாடையும் இருப்பதாக விரிவாக விளக்கினார். மற்றொருவர் மேசைக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, “மச்சான், அது நுளம்புத்திரி” என்றார். கடல் வாடைக்கு யன்னல் காரணமாக இருந்திருக்கலாம். நுளம்புத்திரி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, கறி தாளிக்கும் மணம், சட்டையில் தெளித்த வாசனைத் திரவியம், கையில் தேய்த்த சனிரைசர் ஆகிய எல்லாம் கிளாஸுக்குள் புகுந்துவிடும். மூக்குச் சலித்துப்போனால் கோப்பிக் கொட்டையை மணப்பது ஒரு சடங்காகப் பரவியுள்ளது; வெறும் காற்றை விட அது மேலானதாகத் தெரியவில்லை. யன்னலோரம் போய் இரண்டு நிமிடம் மூச்சு வாங்குவதே நல்லது.

பைட்ஸ் இல்லாமல் நம் ஊரில் போத்தல் திறப்பதில்லை. ஆனால் மிளகாய்க் காரமும் மதுசாரமும் வாயில் ஒரே ஏற்பியைத் தூண்டுகின்றன. சாதாரணமாக 42 பாகையளவில் விழித்துக்கொள்ளும் அந்த வெப்ப ஏற்பி, மதுசாரம் பட்டதும் 34 பாகையளவிலேயே விழித்துவிடுகிறது என 2002 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. உடல் வெப்பமே அப்போது எரிச்சலாக உணரப்படும். டெவல் இறாலையோ காலிமுகத்திடல் இறால் வடையையோ உண்ட வாயில் 46 சதவீத விஸ்கி தீயாகத்தான் இருக்கும். ஒப்பிடும் வேளையில் உப்பில்லாத கிறீம் கிறக்கரோ வெறும் பாணோ போதும். டெவல் எங்கும் ஓடிவிடாது, அது இறுதியில் வரட்டும்.

வரிசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: மெல்லியது முன், கனத்தது பின், கசப்பும் புகையும் கடைசியில். பியரும் விஸ்கியும் ஒரே மாலையில் வேண்டுமானால் பியர் முதலில். வேறு வேறு மாலைகளில் என்றால் இன்னும் நன்று.

மதுசார அளவு வேறுபடும் விஸ்கிகளை அப்படியே ஒப்பிடுவது பலர் உணராத தவறு. 58 சதவீதத்தில் பீப்பாயிலிருந்து நேரே அடைக்கப்பட்ட ஒன்றையும் 40 சதவீத விஸ்கி ஒன்றையும் அருகருகே வைத்தால், சுவையைவிட வலிமையே பேசும். 20 மில்லிலீற்றர் 58 சதவீத விஸ்கிக்கு ஏறக்குறைய 9 மில்லிலீற்றர் நீர் சேர்த்தால் அதுவும் 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நீர் சேர்ப்பது விஸ்கியைக் கெடுப்பது என்று நினைப்பவர்களுக்காக ஒன்று: சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் கணினி உருவகப்படுத்தல் மூலம் காட்டியபடி, புகை மணத்துக்குக் காரணமான குவாயக்கோல் மூலக்கூறு, 45 சதவீதம் வரையான மதுசாரத்தில் திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது, 59 சதவீதத்துக்கு மேல் அது மதுசார மூலக்கூறுகளால் சூழப்பட்டுத் திரவத்துக்குள் அமிழ்ந்துவிடுகிறது.

லேபிளை நம்புவதிலும் நிதானம் வேண்டும். கருமையான நிறம் நீண்ட வயதைக் காட்டாது. ஸ்கொச் விஸ்கியில் கரமல் நிறமூட்டி சேர்ப்பதற்குச் சட்டம் இடமளிக்கிறது. போத்தலில் 12 என்றிருந்தால், கலந்தவற்றுள் மிக இளையது 12 வருடம் பீப்பாயில் இருந்தது என்று பொருள். அந்த எண்ணையும் காலநிலை வேறுபட்ட நாடுகளுக்கிடையே ஒப்பிடக் கூடாது. ஸ்கொட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகிறது. பெங்களூரின் அம்ருத் வடிசாலையில் அது 10 சதவீதத்துக்கும் மேல். அங்கே ஐந்து வருடத்தில் மரத்திலிருந்து இறங்குவது ஸ்கொட்லாந்தில் இறங்க அதைவிட வெகுகாலம் எடுக்கும். புகை விஸ்கிகளுக்குச் சொல்லப்படும் பி.பி.எம். எண்ணும் (பத்து இலட்சம் பங்கில் எத்தனை பங்கு பீனோல் என்பது) அப்படியே: ஸ்கொட்லாந்தின் ஆர்ட்பெக் விஸ்கிக்குச் சொல்லப்படும் 55 என்பது மோல்ட் செய்த, அதாவது முளைக்கவைத்து உலர்த்திய, பார்லியில் அளந்தது, வடிப்பிலும் முதிர்விலும் அதில் பெரும் பங்கு போய்விடும். நம் தென்னஞ்சாராயத்தை விஸ்கியின் அளவுகோலால் அளந்து தள்ளிவிடுவது இன்னுமோர் அநியாயம். தானியத்திலிருந்தல்ல, தென்னங்கள்ளிலிருந்து வடிக்கப்பட்டு, மரபுப்படி ஹல்மில்ல மரப் பீப்பாயில் வைக்கப்படும் அதற்கு ஓக் மரத்தின் வனிலா மணம் ஏன் இருக்க வேண்டும்? அதை இன்னொரு சாராயத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அப்போதும் தூய தென்னஞ்சாராயமா, வேறு ஸ்பிரிட் கலந்ததா என்று லேபிளைப் படித்துவிட்டு.

மேற்சொன்ன எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் கண்ணும் விலையும் நாக்கை ஏமாற்றும். பழைய வீரகேசரித் தாளைப் போத்தல்களிற் சுற்றி, ஊற்றாத ஒருவர் இலக்கமிட்டால் பாதி வேலை முடிந்தது. உண்மையில் வேறுபாடு தெரிகிறதா என்று அறிய விரும்புவோர், 1940களில் கார்ல்ஸ்பெர்க் வடிசாலையில் உருவான முக்கோணச் சோதனையைச் செய்து பார்க்கலாம்: மூன்று கிளாஸ்களில் இரண்டில் ஒரே பானம், ஒன்றில் வேறு, வேறானதைச் சொல்ல வேண்டும். குருட்டுத்தனமாகச் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரிவரும் என்பதால், ஆறு பேர் முயன்றால் ஐந்து பேராவது சரியாகச் சொன்னால்தான் நம்பலாம். நான்கு பேர் என்பது, பத்தில் ஒரு தடவை வெறும் அதிர்ஷ்டத்தாலேயே நேரக்கூடியது. இந்தச் சோதனைக்குப் பிறகு பல வட்டங்களில் குரல் சற்றுத் தாழ்ந்துவிடுகிறது என்பதும் உண்மை.

குறிப்பெழுதும்போது வேற்று நாட்டார் எழுதிய வருணனையைப் பிரதி செய்ய வேண்டாம். காணாத ஹெதர் பூவின் மணத்தை எழுதுபவரால் அடுத்த மாதம் அதே விஸ்கியை அடையாளம் காண முடியாது. கித்துள் கருப்பட்டி, யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி, முந்திரிகை வத்தல், வறுத்த அரிசிமா, பழுத்த பனம்பழம், ஆஸ்பத்திரி டெற்றோல் என்று மூக்குக்கு உண்மையில் தெரிந்ததை எழுதினால், அந்தக் குறிப்பு மறுமுறை உதவும். மற்றவர் பேசுவதற்கு முன் எழுதிவிடுவதும் அவசியம். ஒருவர் வாழைப்பழம் என்று சொன்ன மாத்திரத்தில் மேசை முழுவதும் வாழைத்தோட்டமாகிவிடும்.

அளவைக் குறைத்து மதிப்பிடுவது இறுதித் தவறு. 8.8 சதவீத ஸ்டவுட் 625 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றில் 55 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கிறது. 40 சதவீத விஸ்கியாக அது 137 மில்லிலீற்றர். “பியர்தானே” என்று தொடங்கும் மாலைகள் இந்தக் கணக்கில்தான் தடம் புரள்கின்றன. விஸ்கி தலா 15 மில்லிலீற்றராக ஐந்து, பியர் தலா 75 மில்லிலீற்றராக நான்கு என்பது ஒரு மாலையின் மேலெல்லை. அதிலேயே ஏறக்குறைய 50 மில்லிலீற்றர் மதுசாரம் சேர்ந்துவிடுகிறது. தொழில்முறைச் சுவைஞர்கள் துப்பிவிடுவதற்கென்று வைத்திருக்கும் பாத்திரத்தை மேசையில் வைக்க யாரும் கூச்சப்பட வேண்டாம், வாகனச் சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டு முச்சக்கர வண்டியில் வரலாம். போயா தினத்தில் விற்பனை இல்லையென்பதால் முதல்நாள் மாலை அவசரமாக வாங்கிக் குவித்த போத்தல்களை அன்றே முடித்துவிட வேண்டிய கட்டாயமும் இல்லை: திறந்த விஸ்கி இறுக மூடி நிமிர்த்தி வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும், திறக்காத பியரைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.