வீட்டில் அடிபடும் கர்ப்பிணிக்குத் துணை போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டூலாக்கள், அதாவது கர்ப்பத்திலும் பிரசவத்திலும் துணை போகிற நாம், செக்கப்புக்கு வந்த பெண்ணிடம், பக்கத்தில் மாமியார் நிற்கும்போதே “வீட்ல நல்லா பாத்துக்கிறாகளா?” என்று கேட்கிறோமே, தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. “ம், பாத்துக்கிறாக” என்பதைத் தவிர அவளால் என்ன சொல்ல முடியும்? சாயங்காலம் வீட்டில், “அந்தம்மா எதுக்கு உன்னைய அப்படிக் கேட்டுச்சு? என்னத்தச் சொல்லிவச்ச?” என்று விசாரணை நடக்கும். கேட்டது நாம், அடி வாங்குவது அவள். ஸ்கேன் அறை மாதிரி உறவுக்காரர்கள் வராத இடம் வாய்த்தால் கேளுங்கள். வாய்க்காவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். “அப்படியெல்லாம் ஒண்ணுமில்லக்கா” என்று அவள் சொன்னால் துருவவும் கூடாது. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு சிலர் ஏழாம் மாதத்தில் சொல்வார்கள், சிலர் பிள்ளை பிறந்த பிறகு. சொல்லாமலே போகிறவர்களும் உண்டு, அது அவர்கள் விருப்பம்.

போனிலும் இதே கவனம் வேண்டும். வாய்ஸ் மெசேஜை முதலில் கேட்பது கணவனாக இருக்கலாம். எந்த நேரம், யார் பெயரில் கூப்பிடலாம் என்பதை அவளே சொல்லட்டும்.

அடுத்து, நம்ம ஊர் வியாதி: பஞ்சாயத்து. “நான் வந்து உங்க வீட்ல பேசுறேன்” என்று கிளம்பும் டூலாக்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. மதுரை, மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் சொந்தத்தில் கட்டுவது இன்னும் இருக்கிறது. மாமியாரே அப்பாவின் கூடப்பிறந்த அத்தையாக இருப்பார். அவள் வாய் திறந்தால் பிறந்த வீட்டு உறவும் சேர்ந்தே முறியும். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று நாம் நம்புகிற அதே வீடுதான் “அனுசரிச்சுப் போத்தா” என்று திருப்பி அனுப்பியிருக்கும். நாம் போய்ச் சமரசம் பேசினால், இவள் வெளியில் சொல்லிவிட்டாள் என்ற செய்திதான் அடிக்கிறவனுக்குப் போய்ச் சேரும்.

“அப்புறம் ஏம்மா இன்னும் அங்கயே இருக்க?” என்று கேட்பதும் இந்த வகைதான். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்திலும் கிளம்பிய பிறகும்தான் ஆபத்து கூடுகிறது. அந்தக் கணக்கை நம்மைவிட அவள் நன்றாகப் போட்டு வைத்திருப்பாள். நாம் செய்யக்கூடியது சின்ன வேலைகள்: ஆதார், தாய் சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், பேங்க் பாஸ்புக் இவற்றின் நகல் நம்பகமான ஒரு வீட்டில் இருக்கிறதா? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிப் பணம் அவள் கணக்கில் வந்தாலும் ஏடிஎம் கார்டு யார் கையில்? 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்பதைச் சொல்லுங்கள். மாவட்ட சமூகநலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது, இலவச வக்கீலுக்கு 15100 இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். எண்ணை அழுத்துவது அவள் முடிவு.

வயிற்றில் உதை விழுந்தாலோ கழுத்தை நெரித்திருந்தாலோ மட்டும் பொறுமை காட்டாதீர்கள். வெளியே காயமே இல்லாமல் உள்ளே நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்திருக்கலாம். ரத்தப்போக்கு, கல் மாதிரி இறுகிய வயிறு, குழந்தையின் அசைவு குறைவது எதுவானாலும் உடனே 108. “படியில விழுந்துட்டேன்” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தால், உறவினரை வெளியே அனுப்பிவிட்டு அவளைத் தனியாகக் கேட்கும்படி டாக்டரிடம் சொல்லுங்கள்.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். பெண்ணுக்குப் பதினெட்டு நிறையவில்லை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்த எவரும் தெரிவித்தே ஆக வேண்டும். அவள் மனம் திறப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

பிரசவ அறைக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது கூட ஒரு பெண் இருக்கலாம். யார் என்பதை வழக்கமாகக் குடும்பம் முடிவு செய்யும், பெரும்பாலும் மாமியார். அவளைத் தனியே கேட்டு, அவள் சொல்லும் ஆளின் பெயரை முன்கூட்டியே நர்ஸிடம் சொல்லி வையுங்கள். உள்ளே போன பிறகு நடக்கும் பெரிய தவறு, கேட்காமல் தொடுவது. ஆறுதலாகத் தலையைக் கோதுகிறோம், ஆனால் முடியைப் பிடித்து இழுக்கப்பட்டவளுக்கு அந்தக் கை வேறு கை. தலைமாட்டுக்குப் பின்னால் நிற்காமல் அவள் கண்ணில் படும்படி நில்லுங்கள். உள்பரிசோதனைக்கு முன் என்ன நடக்கப்போகிறது என்று சொல்லுங்கள், நிறுத்தச் சொல்ல ஒரு சைகை பேசிவைத்து அதை நர்ஸிடமும் சொல்லுங்கள். சத்தமே போடாமல், சொன்னதெல்லாம் கேட்டு, கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கும் பெண்ணை “தங்கமான பிள்ளை, நல்லா ஒத்துழைக்கிறா” என்பார்கள். அந்த அமைதியை நான் நம்புவதில்லை. பயத்தில் உறைந்துபோனவளும் அப்படித்தான் இருப்பாள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, இது எந்த இடம், பக்கத்தில் யார் என்று மெல்லச் சொல்லுங்கள்.

யாராவது அவளை அதட்டினால் அங்கேயே சண்டைக்கு நிற்காதீர்கள். நாம் வீட்டுக்குப் போய்விடுவோம், அவள் அதே வார்டில் கிடக்க வேண்டும்.

பால் கொடுக்க உதவும்போதும் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். காப்பர்-டி, குடும்பக் கட்டுப்பாடு பற்றிய பேச்சை வலி வருவதற்கு முன்பே, கணவனும் மாமியாரும் இல்லாதபோது அவளோடு பேசி முடித்துவிடுங்கள். வலியின் நடுவே நீட்டும் தாளில் அவள் போடும் கையெழுத்து பல நேரம் அந்த இருவரின் முடிவுதான்.