சில்லுவின் சிவந்த பாதமும் எட்டு வாரப் பத்தியமும்

எங்கள் வீட்டு நாயின் பெயர் சில்லு. எடை 4.2 கிலோ, உடம்பெல்லாம் வெள்ளை முடி. இரண்டு வயது ஆனபோது அவள் முன்னங்கால் விரல்களுக்கு நடுவே முடி துருப்பிடித்ததுபோலச் சிவந்து போனது. மண்கறை என்று நினைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். போகவில்லை. அது எச்சில் கறை. நாயின் எச்சிலில் போர்ஃபிரின் என்றொரு நிறமி உண்டு. ஓயாமல் நக்குகிற இடத்தில் வெளிர் முடியை அது செம்பழுப்பாக்கிவிடும். நாங்கள் எல்லாரும் தூங்கிய பிறகு சில்லு பாதத்தை நக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். உங்கள் நாய் கறுப்பாக இருந்தால் இந்தத் தடயம்கூடக் கிடைக்காது. காலையில் எழுந்ததும் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருக்கிறதா என்று.

சாப்பாட்டு அலர்ஜி என்றால் வாந்தி, பேதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நாய்களிடம் அது பெரும்பாலும் தோலில்தான் தெரியும். பாதம், காது, அக்குள், அடிவயிறு, ஆசனவாயைச் சுற்றி அரிப்பு இருக்கும். காதில் சொட்டு மருந்து விட்டால் சரியாகி, அடுத்த மாதமே மறுபடி நாற்றமும் கறுப்பு அழுக்குமாக வந்து நிற்கும். சில்லு ஒரு நாளைக்கு ஐந்து தடவை மலம் கழிப்பாள். சின்ன நாய், சின்ன வயிறு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அதுவும் ஓர் அறிகுறி என்று பிறகுதான் தெரிந்தது. பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு போவதையும் கவனியுங்கள். ஆனால் சின்ன நாய்களுக்கு ஆசனவாய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டாலும் அப்படித்தான் தேய்க்கும், அதனால் அதையும் மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

இதை வைத்து உடனே சாப்பாட்டுப் பையை மாற்றிவிடாதீர்கள். நான் அப்படி மூன்று பை மாற்றினேன். ஒவ்வொன்றின் முகப்பிலும் வேறு வேறு இறைச்சியின் பெயர். பின்னால் பொடி எழுத்தில் மூன்றிலும் கோழிக் கொழுப்போ கோழி மாவோ இருந்தது. தெள்ளுப்பூச்சி, சொறிப்பூச்சி, தூசு அலர்ஜி எல்லாமே இதே மாதிரிதான் அரிக்க வைக்கும். எவ்வளவு அனுபவமுள்ள மருத்துவரும் பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று சொல்ல முடியாது. முதலில் பூச்சி மருந்து, அடுத்து தோலிலும் காதிலும் ஈஸ்ட், பாக்டீரியா தொற்று இருந்தால் அதற்குச் சிகிச்சை. தொற்றை அப்படியே விட்டால் சரியான சாப்பாடு கொடுத்தும் அரிப்பு நிற்காது, நீங்கள் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ரத்தம், எச்சில், முடி எடுத்துச் சோதித்து அலர்ஜிப் பட்டியல் கொடுக்கிற பரிசோதனைகளும் இருக்கின்றன. ஒன்றுக்குப் பணம் கட்டினேன். வந்த பட்டியலில் அவள் வாழ்நாளில் தொட்டே இராத மீன் ஒன்றும் இருந்தது. சாப்பாட்டு அலர்ஜியைக் கண்டுபிடிக்க இவை நம்பகமானவை அல்ல என்று எங்கள் மருத்துவர் சொன்னார். முன்பே கேட்டிருக்கலாம்.

நம்பகமான வழி ஒன்றுதான், பத்தியச் சோதனை. குறைந்தது எட்டு வாரம், அவளுக்குப் புதிதான ஒரே உணவு, வேறு எதுவும் கிடையாது. வயிற்றுக் கோளாறு என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே தெளிந்துவிடலாம். தோல் ஆற அவ்வளவு காலம் பிடிக்கும்.

என்ன உணவு என்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஹைட்ரலைஸ்டு உணவு. அதில் புரதத்தை நொறுக்கிச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி இருப்பார்கள், உடம்பின் எதிர்ப்பு மண்டலத்துக்கு அது இன்ன புரதம் என்று அடையாளம் தெரியாது. இன்னொன்று, நாய் இதுவரை சாப்பிட்டே இராத ஒரு புரதம். இதற்கு முதலில் அது பிறந்ததிலிருந்து சாப்பிட்ட எல்லாவற்றையும் எழுத வேண்டும். இனம் நெருங்கிய இறைச்சி வேண்டாம். கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு வாத்தும் வான்கோழியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், மாட்டிறைச்சிக்கும் ஆட்டிறைச்சிக்கும் அப்படித்தான். ஒரே புரதம் என்று அச்சிட்டுக் கடையில் விற்கும் பைகளில் லேபிளில் இல்லாத இறைச்சியும் கலந்திருந்ததை ஆய்வுகளில் பலமுறை கண்டிருக்கிறார்கள், அதனால் சோதனைக்கு அவை வேண்டாம். தானியம் இல்லாத உணவு என்ற விளம்பரத்தையும் தள்ளிவையுங்கள். நாய்களில் அதிகம் பிடிபடுபவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, அப்புறம் கோதுமை. வீட்டிலேயே சமைப்பதானால் மருத்துவரிடம் அளவு கேட்டுச் செய்யுங்கள். வெறும் இறைச்சியும் சோறுமாக மாதக்கணக்கில் ஓட்டினால் கால்சியம் இல்லாமல் போகும்.

புது உணவை ஒரு வாரம் பழையதோடு கலந்து, மெல்ல மாற்றுங்கள். எட்டு வாரக் கணக்கு பழையது முழுக்க நின்ற நாளிலிருந்துதான். பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி போட வேண்டாம். பெரிய நாய்க்குச் சரிப்படலாம். குட்டி இனங்களில், முக்கியமாகக் குட்டிகளுக்கு, சர்க்கரை சட்டென்று இறங்கித் தள்ளாடி விழும். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 400 கிராம் நமக்கு ஒன்றுமில்லை, சில்லுவுக்கு அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு. நான் சமையலறைத் தராசில் ஒரு கூடையை வைத்து அதில் அவளை உட்கார வைப்பேன்.

சரி, இதில் கஷ்டமான பகுதி நாய் கிடையாது, வீட்டு மனிதர்கள். மூன்றாவது வாரம் சில்லுவின் காது திடீரென்று சிவந்தது. விசாரித்ததில், அப்பா தினமும் அரை பிஸ்கட் கொடுத்துவந்தது தெரிந்தது. "பாவம்மா, இத்துனூண்டுதானே" என்றார். அவருக்கு இத்துனூண்டு. நாலு கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டியதே ஏறத்தாழ 250 முதல் 300 கலோரிதான். அலர்ஜிக்கோ அந்த அளவுகூட வேண்டாம், ஒரு துணுக்கு போதும். கோபப்பட்டுப் பயனில்லை என்று ஒரு நோட்டைக் குளிர்சாதனப் பெட்டி மேல் வைத்தேன். அவள் வாயில் போகிற எதுவாக இருந்தாலும் யார் கொடுத்தது, எப்போது என்று எழுத வேண்டும். பக்கத்தில் அன்றைய அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண்.

அந்த நோட்டுதான் இரண்டாவது ஓட்டையையும் காட்டியது. அப்பாவின் கையெழுத்தில், "மாத்திரை, விரும்பித் தின்றாள்" என்று ஒரு வரி. மாதாமாதம் உண்ணிக்குக் கொடுக்கிற மெல்லும் மாத்திரை. அது ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்று பெட்டியைப் படித்தால், இறைச்சிச் சுவை சேர்த்தது. இதே மாதிரிதான் நாய்ப் பற்பசை, ஜெலட்டின் கேப்சூல், மீன் எண்ணெய், மெல்லும் எலும்பு, பூனையின் தட்டு, குழந்தையின் நாற்காலிக்கு அடியில் விழுந்தவை எல்லாம். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; சுவை சேர்க்காத மாற்று உண்டா என்று கேளுங்கள். எங்களுக்குக் கழுத்துப் பின்னால் விடும் சொட்டு மருந்து கிடைத்தது. கணக்கை மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பித்தோம்.

அரிப்பு தாங்க முடியாமல் இருந்தால் ஆரம்ப வாரங்களில் மருத்துவர் அதற்கு மருந்து கொடுப்பார். அதை நிறுத்திய பிறகும் குறைந்தது இரண்டு வாரம் பத்தியம் தொடர வேண்டும், இல்லையென்றால் குணமாக்கியது உணவா மருந்தா என்று தெரியாது.

எட்டாவது வாரம் மதிப்பெண் எட்டிலிருந்து இரண்டுக்கு இறங்கியிருந்தது. எல்லாரும் இங்கேதான் நிறுத்திவிடுவார்கள், எனக்கும் அப்படித்தான் ஆசை. ஆனால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் அலர்ஜி என்று உறுதியாகும். சில மணி நேரத்திலிருந்து 14 நாளுக்குள் அரிப்பு திரும்பும். சில்லுவுக்கு மூன்றாம் நாளே திரும்பியது. மறுபடி பத்தியம், ஆறவிட்டு, ஒவ்வொரு பொருளாக இரண்டிரண்டு வாரம். கோழியில் மாட்டினாள், பால், கோதுமை இரண்டிலும் தேறினாள். முன்பு எப்போதாவது முகம் வீங்கிய நாய் என்றால் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே வேண்டாம்.

முகவீக்கம், உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், அடுத்தடுத்து வாந்தி, துவண்டு விழுதல், இவற்றில் எது வந்தாலும் நோட்டைத் தேடாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். நம் வீட்டு அலர்ஜி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். சிலவற்றில் மூக்கடைப்புக்கான மருந்தும் சேர்ந்திருக்கும், அது நாய்க்கு விஷம்.

இப்போது சில்லுவுக்கு ஐந்து வயது. காலையில் அன்றைய உணவை அளந்து, அதிலிருந்தே இருபது உருண்டையை ஒரு மூடி போட்ட டப்பாவில் அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் இஷ்டம்போலக் கொடுக்கலாம். பத்து மணிக்கே டப்பா காலியாகிவிடும். அப்புறம் இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.