ரெவிட்டில் பொருள் காணவில்லையா? முதலில் பல்பைப் பாருங்கள்

கட்டிடம் வடிவமைக்கும் மென்பொருளான ரெவிட்டில் வரைந்த சுவரோ ஜன்னலோ திடீரென்று கண்ணில் படவில்லை என்றால், அழிந்துவிட்டது என்று நினைத்து மறுபடி வரைய வேண்டாம். ஒரே இடத்தில் இரண்டு சுவர் வந்துவிட்டால் அளவுப் பட்டியலே தவறிவிடும். திரையின் கீழ்ப்பட்டையில் உள்ள பல்பு படத்தை அழுத்துங்கள். அந்தக் காட்சியில் மறைக்கப்பட்டவை எல்லாம் சிவப்பு கலந்த ஊதா நிறத்தில் தெரியும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, வலது க்ளிக் செய்து மறைப்பை நீக்கிவிடலாம்.

அதிலும் இல்லையா? அப்புறம் வியூ ரேஞ்சைப் பாருங்கள்; காட்சியில் எந்த உயரம் வரை உள்ளவை தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு அது. தளப்படத்தின் வெட்டுத்தளம், அதாவது கட்டிடத்தைக் கிடையாக வெட்டி மேலிருந்து பார்க்கும் மட்டம், வழக்கமாக 1200 மி.மீ. உயரத்தில் இருக்கும். அதற்கு மேலே வைத்த சிறிய ஜன்னல் தளப்படத்தில் வராமல் போவது இதனால்தான்.

கொஞ்ச நேரத்துக்கு மட்டும் மறைக்க, பொருளைத் தேர்ந்தெடுத்து எச் எழுத்தை இருமுறை தட்டுங்கள். காட்சியைச் சுற்றி வெளிர்நீலக் கட்டம் வரும். எச், ஆர் தட்டினால் எல்லாம் திரும்பிவிடும். நான் பெரும்பாலும் இதையே பயன்படுத்துகிறேன். நிரந்தரமாக மறைத்ததை மறந்துவிடுவோம், இந்தக் கட்டமோ கண்முன்னே நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

கட்டிடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் வெட்டுத்தோற்றத்தில் பின்னால் உள்ளவை எல்லாம் குவிந்து தெரிகிறதா? தளப்படத்தில் வெட்டுக்கோட்டைத் தேர்ந்தெடுத்து, ஆழத்தைக் காட்டும் அம்புக்குறியை அருகில் இழுத்தால் போதும். முப்பரிமாணத்தில் ஒரு மூலையை மட்டும் பார்க்க வேண்டுமானால், அங்குள்ள பொருட்களைத் தேர்ந்தெடுத்து பி, எக்ஸ் தட்டுங்கள். அவற்றைச் சுற்றி வெட்டுப்பெட்டி தானாக அமைந்து, வெளியே உள்ளவை மறைந்துவிடும்.