சிறு சேமிப்பைப் போட்டு வைப்பதில் நாம் செய்யும் தவறுகள்

கையில் ஒன்றோ இரண்டோ லட்சம் சேர்ந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எங்க வட்டி ஜாஸ்தி?" தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு 14,000 ரூபாய். 9 சதவீதம் என்றால் 18,000. வித்தியாசம் 4,000, மாதத்துக்குப் பார்த்தால் 333 ரூபாய். குடும்பத்தோடு ஒருவேளை ஓட்டலில் சாப்பிட்டால் காலி. இந்த 333 ரூபாய்க்காக முழு 2 லட்சத்தையும் முன்பின் தெரியாத ஃபைனான்ஸில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். கோடிக்கணக்கில் வைத்திருப்பவருக்கு இரண்டு சதவீதம் நிஜமாகவே பெரிய பணம், கொஞ்சம் போனாலும் அவர் தாங்கிக்கொள்வார். நமக்கு முதலே போய்விட்டால் மறுபடி சேர்க்க எத்தனை வருடம் ஆகும்?

அதனால் வட்டியைக் கேட்பதற்கு முன்னால், இந்த இடத்தை நாளைக்கு மூடிவிட்டால் என் பணத்துக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். தபால் ஆபீஸ் என்றால் மத்திய அரசு, எவ்வளவு போட்டிருந்தாலும் சரி. வங்கி என்றால் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான டிஐசிஜிசி காப்பீடு தருகிறது. முன்பு 1 லட்சமாக இருந்த இந்த வரம்பு 2020 பிப்ரவரியில் 5 லட்சமானது. இதில் பலர் சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, 5 லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்த்து. இன்னொன்று, அது ஒரு வங்கிக்கு ஒரு ஆளுக்கு என்ற கணக்கு, ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் பிரித்துப் போட்டால் 15 லட்சம் ஆகிவிடாது.

கூட்டுறவு என்ற போர்டைப் பார்த்ததும் எல்லாம் ஒன்று என்று நினைப்பதும் உண்டு. ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற நகரக் கூட்டுறவு வங்கிக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் இந்தக் காப்பீடு உண்டு. ஊரில் நாம் சொசைட்டி என்று சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தின் வைப்புக்குக் கிடையாது. சொசைட்டி மோசம் என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போடுங்கள் என்கிறேன். அரசுக்குச் சொந்தமான தமிழ்நாடு பவர் ஃபைனான்ஸ் மாதிரியான நிறுவனத்துக்கும் இதேதான். பின்னால் அரசு நிற்கிறது என்ற நம்பிக்கை நியாயமானது, ஆனால் டிஐசிஜிசி காப்பீடு அங்கே இல்லை. இதற்கு நேர்மாறாக, ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்க் என்ற பெயரைக் கேட்டுப் பயந்து ஒதுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவை ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற முழு வங்கிகள், 5 லட்சக் காப்பீடும் உண்டு.

தனியார் ஃபைனான்ஸ் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வைப்பு வாங்க அனுமதி உள்ள வங்கிசாரா நிதி நிறுவனம்கூட வருடத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது, டெபாசிட் போடுபவருக்குப் பரிசும் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக, ஒருவர் 18 சதவீதம் என்கிறார், கூடவே வெள்ளிக் குத்துவிளக்கும் தருகிறார் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம், வேறு ஆராய்ச்சி தேவையில்லை. மாதத்துக்கு இத்தனை சதவீதம் என்று பேச ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம். ஆருத்ரா கோல்டு என்ற நிறுவனத்தின் விவகாரத்தில் மாதம் 25, 30 சதவீதம் வரை ஆசை காட்டி 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தார்கள் என்பதுதான் பொருளாதாரக் குற்றப்பிரிவின் வழக்கு. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பு முதலீட்டுத் திட்டம் கவிழ்ந்ததைப் பார்த்த அதே ஜனங்கள்தான் நாம். "முதல் மூணு மாசம் கரெக்டா வந்துச்சு" என்பார்கள். வரும், அடுத்தவர் போட்ட பணத்தில் இருந்து வரும்.

கொடுக்கிற ரசீதையும் படிப்பதில்லை. கவுண்டரில் இருப்பவர் வாயால் எஃப்.டி. என்பார். தாளில் கடன் பத்திரம் என்றோ, துணைக் கடன் (மற்ற கடன்களை அடைத்த பிறகே திரும்பக் கிடைப்பது) என்றோ, ஏதோ ஒரு கூட்டு நிறுவனத்தில் பங்களிப்பு என்றோ பொடி எழுத்தில் இருக்கும். கடைசி வகை என்றால் நீங்கள் டெபாசிட்தாரர் இல்லை, தொழிலில் ஒரு பங்காளி. நஷ்டம் வந்தால் உங்களுக்கும்தான். அனுமதி உள்ள நிறுவனமா என்பதை ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்தில் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை.

அப்புறம் நகைச்சீட்டு. பதினொரு மாதம் கட்டி நகை எடுப்பது தங்கம் வாங்குகிறவருக்குச் சரி, ஆனால் அதைச் சேமிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். சட்டப்படி அது பொருளுக்குக் கொடுத்த முன்பணம், கடை மூடினால் நீங்களும் கடைக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஏலச்சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று பாருங்கள். தெருவில் நடத்துகிற அக்கா நல்லவராகவே இருக்கலாம், சீட்டு எடுத்துவிட்டு ஓடுகிற இரண்டு பேர் போதும் அவரையும் சேர்த்துக் கவிழ்க்க.

வங்கிக்குள்ளேயே நடக்கிற ஒன்றும் இருக்கிறது. முதிர்ந்த எஃப்.டி.யைப் புதுப்பிக்கப் போவீர்கள், "இதைவிட நல்லது ஒண்ணு இருக்கு சார்" என்று காப்பீட்டு பாலிசியில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இரண்டாம் வருடம் பிரீமியம் கட்டச் சொல்லி மெசேஜ் வரும்போதுதான் விஷயமே புரியும். பாதியில் விட்டால் கட்டியதில் கணிசமான பகுதி போய்விடும். பாலிசி கையில் வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் சொற்பப் பிடித்தம் போகப் பணம் திரும்பி வரும், ஆகவே வந்த கவரை அன்றைக்கே பிரியுங்கள்.

இருப்பதை எல்லாம் நீண்ட காலத்துக்குப் பூட்டிவிடுவதும் சரியில்லை. மாதாமாதம் கட்டுகிற தபால் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருடம், மூன்று வருடத்துக்குப் பிறகு மூடலாம், ஆனால் வட்டி வெறும் சேமிப்புக் கணக்கு அளவுக்குத்தான் கிடைக்கும். பொது வருங்கால வைப்பு நிதியான பி.பி.எஃப். 15 வருடம். ஆஸ்பத்திரிச் செலவு அதுவரை காத்திருக்காது. இரண்டு மூன்று மாதச் செலவை சேமிப்புக் கணக்கிலும் ஒரு வருட எஃப்.டி.யிலும் வைத்துவிட்டு மிச்சத்தைப் பூட்டுங்கள். ஒரே எஃப்.டி.யாகப் போடாமல் 50,000 வீதம் நாலாகப் போட்டால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்றதன் வட்டி அப்படியே ஓடும்.

ஆர்.டி. பணம் வாங்க வீட்டுக்கு வரும் ஏஜென்டிடம் பாஸ்புக்கை மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள், பதிவு விழுந்ததா என்று அவ்வப்போது வாங்கிப் பாருங்கள். நாமினி பெயரையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்குகளில் இன்னும் அப்பா பெயரே இருக்கும், அவர் காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும். பத்து வருடம் யாரும் தொடாத வங்கி வைப்பு ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ரிசர்வ் வங்கியின் உத்கம் என்ற தளத்தில் தேடிப் பிடித்து, அந்த வங்கியிடம் கேட்டு வாங்கலாம், ஆனால் இப்படி ஒரு எஃப்.டி. இருந்தது என்பது வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால்தானே தேடுவார்கள்?