இறாலுக்குள் குடியிருக்கும் பழைய வைரஸ்: சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் பக்கம் பிடிபடும் புலி இறாலைத் தாய் இறாலாக வைத்து வைரஸ் சோதனை பழகும் பிள்ளைகள், நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் விழுகிறார்கள். கையுறை மாற்றுவது, பிப்பெட் பிடிப்பது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

பட்டை தெரிந்ததும் ‘நோய்’ என்று எழுதுவது

எல்லாவற்றிலும் அதிக நஷ்டம் தருவது இதுதான். இன்றைக்கும் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

சினை பிடித்த தாய் இறால்கள் படகிலிருந்து பொரிப்பகத்துக்கு வருகின்றன. ஒன்றின் விலையே ஆயிரக்கணக்கில். ஐ.ஹெச்.ஹெச்.என்.வி. என்ற இறால் வைரஸுக்குப் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட பகுதியைப் பல நகலாகப் பெருக்கிக் காட்டும் சோதனை) செய்தால், பெருகிய துண்டை ஓடவிடும் ஜெல்லில் 389 எழுத்து (டி.என்.ஏ. அலகு) அளவில் கோடு போல ஒரு பட்டை விழுகிறது. தாளில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதிவிடுகிறார்கள். அன்று மாலையே அத்தனை தாய்களும் குளோரின் தொட்டிக்குப் போகின்றன. அவற்றில் எத்தனைக்கு உண்மையிலேயே தொற்று இருந்தது? அதை அந்தத் தாள் சொல்லாது.

இந்த வைரஸ் ஒரு பார்வோவைரஸ். சுமார் 4,000 எழுத்து நீளமுள்ள ஒற்றை இழை டி.என்.ஏ. தோலடித் திசுவையும் குருதி உண்டாக்கும் திசுவையும் தாக்கும். வனாமி என்ற இன்னோர் இன இறாலில் தலைக்கொம்பு வளைந்து, வளர்ச்சி குன்றிப்போகும். என்றோ ஒரு காலத்தில் இதன் துண்டுகள் புலி இறாலின் குரோமோசோமிலேயே பதிந்து, தாய் தகப்பன் வழியாகக் குஞ்சுகளுக்கு இறங்கி வருகின்றன. ஆப்பிரிக்க, ஆஸ்திரேலியப் புலி இறால்களில் இப்படி இருப்பது 2006இல் வெளிவந்தது. நம் கடலில் பிடிபடுவதும் அதே இனம் என்பதால், இங்கே இருக்காது என்று நினைத்துவிட முடியாது. அறியப்பட்ட பதிவுத் துண்டுகள் தொற்றுவதில்லை. ஆனால் பி.சி.ஆர். எழுத்துகளை மட்டுமே படிக்கும். அவை வைரஸ் துகளுக்குள் இருந்தாலும், இறாலின் சொந்த மரபணுத் தொகுதிக்குள் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

எந்தப் பகுதியைப் பெருக்க வேண்டும் என்று பி.சி.ஆருக்குக் காட்டும் சிறு டி.என்.ஏ. துண்டுதான் பிரைமர். 389 பிரைமர் தொற்றும் வைரஸ், பதிவுத் துண்டு இரண்டையும் பிடிக்கும். 309 பிரைமரைப் பதிவுத் துண்டுகளை விலக்கித் தொற்றும் வைரஸை மட்டும் பிடிக்க வடிவமைத்தார்கள். எம்.ஜி.831 பிரைமர் பதிவுத் துண்டையே தேடும். மூன்றையும் ஒரே மாதிரியில் ஓட்டுங்கள். 389 வந்து, 309 வராமல், 831 வந்தால் பார்த்தது பதிவைத்தான். 309 வந்தால் தொற்றுச் சந்தேகம் வலுக்கிறது. 309, 831 இரண்டும் வந்தால் ஒரே இறாலில் பதிவும் தொற்றும் சேர்ந்தே இருக்கலாம்.

309 வந்துவிட்டது என்பதாலும் முடிவு கட்டிவிடாதீர்கள். தாய்லாந்துப் புலி இறால்களில் துண்டுகள் பல வடிவங்களில் சிதறிக் கிடப்பதும், சிலவற்றில் 309 பகுதியே பதிந்திருப்பதும் தெரியவந்துள்ளது. அதனால் வைரஸின் முழு நீளத்தையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பல பகுதிகளாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். தொற்றும் வைரஸில் எல்லாப் பகுதியும் வரும், பதிவில் பெரும்பாலும் அங்கங்கே ஓட்டை விழும். அத்தோடு திசு வெட்டிப் பார்த்து, உயிரணுக் கருவுக்குள் அந்த வைரஸுக்கே உரிய உட்பொருள்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். முடிவு வரும்வரை தாய்க்குத் தனித்தொட்டி, தனி வலை, தனிக் குழாய்.

குஞ்சுகளை மொத்தமாக அரைத்துச் சோதித்தால் குழப்பம் இன்னும் கூடும். பெற்றோரில் ஒன்றிடம் மட்டும், அதுவும் ஒரே ஒரு நகல் இருந்தாலும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிக்கு அது போகும். மொத்த மாதிரியில் பட்டை கனமாக விழும். ஒவ்வொன்றாகச் சோதித்தால்தான் பாதிக்குப் பாதி என்ற அந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியும்.

ஆர்.என்.ஏ. கிடைத்தால் வைரஸ் பெருகுகிறது என்பது

இல்லை. பதிந்த துண்டிலிருந்தும் ஆர்.என்.ஏ. (டி.என்.ஏ.விலிருந்து எடுக்கப்படும் படி) உருவாகலாம்.

தவறான திசு

நீந்துகால் நுனியை வெட்டுங்கள், தாய் பிழைத்துக்கொள்ளும். கண்ணை மாதிரியாக எடுக்காதீர்கள், பி.சி.ஆரைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு. கல்லீரல் கணையமும் வேண்டாம். இந்த வைரஸ் அங்கே பெருகுவதில்லை, ஆனால் பதிவுத் துண்டோ உடம்பின் எல்லா உயிரணுவிலும் இருக்கும். தேடுவது கிடைக்காமல், தேடாதது கிடைக்கும். வெட்டிய துண்டைப் போல் பத்து மடங்கு 95 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள்.

ஃபார்மலின்

பி.சி.ஆர். மாதிரிக்குக் கூடவே கூடாது.

எல்லாமே ரெட்ரோவைரஸ் என்பது

மனித மரபணுத் தொகுதியில் சுமார் 8 சதவீதம் ரெட்ரோவைரஸ் (தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி உயிரணுவின் மரபணுத் தொகுதியில் பதித்துக்கொள்ளும் வைரஸ்) மிச்சம்தான். இறாலில் உள்ள இந்தத் துண்டு அந்த வகை அல்ல.

பதிவு இருந்தால் பாதுகாப்பு உண்டு என்பது

இது பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. செம்மறியாட்டில் நுரையீரல் கட்டி உண்டாக்கும் ரெட்ரோவைரஸின் 27 நகல்களாவது அதன் மரபணுத் தொகுதியில் உள்ளன. அவற்றில் ஒன்றின் புரதம், வெளியிலிருந்து தொற்றும் வைரஸ் உயிரணுவை விட்டு வெளியேற விடாமல் தடுக்கிறது. ஏடிஸ் கொசுவில் பதிந்த ஒரு துண்டை வெட்டி எடுத்தபோது, சினைப்பையில் அதற்கு இணையான வைரஸ் பெருகியது என்று 2020இல் காட்டினார்கள். பதிந்த துண்டிலிருந்து வைரஸுக்கு எதிர்த்திசை ஆர்.என்.ஏ. உருவாகி, அது 24 முதல் 30 எழுத்துவரை உள்ள சிறு துண்டுகளாகிறது. வைரஸின் ஆர்.என்.ஏ.வில் தனக்குப் பொருந்தும் இடத்தை அவை கண்டுகொள்ள, பிவி என்ற, ஆர்.என்.ஏ.வை வெட்டும் புரதம் அங்கே வெட்டுகிறது. இறாலுக்கு நம்மைப்போல எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) கிடையாது, சிறு ஆர்.என்.ஏ. வழி அதற்குப் பெரிய காப்பு.

ஆனால் துண்டு எந்தத் திசையில் பதிந்தது, அதிலிருந்து ஆர்.என்.ஏ. உருவாகிறதா, குளத்தில் உள்ள வைரஸோடு எழுத்துப் பொருந்துகிறதா என்ற மூன்றும் சரியாக அமைந்தால்தான் அந்த வழி வேலை செய்யும். 831 பட்டையை மட்டும் பார்த்து ‘நோய் தாங்கும் தாய்’ என்று குஞ்சு விற்பது தவறு. ஐ.ஹெச்.ஹெச்.என்.வி. பதிவு இருப்பதால் வெள்ளைப்புள்ளி நோயும் அண்டாது என்பது அதைவிடப் பெரிய தவறு. அதை உண்டாக்குவது முற்றிலும் வேறு வைரஸ்.

கழித்த தாயின் மாதிரியை எறிந்துவிடுவது

எறியாதீர்கள். நீந்துகால் ஒன்று ஆல்கஹாலில், மைனஸ் 20 டிகிரியில் இருக்கட்டும். பிடித்த இடம், தேதி, மூன்று பிரைமரின் முடிவு, மூன்றையும் குப்பியின் மேல் ஒட்டிய தாளில் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை ஆல்கஹாலில் கரைந்துபோகும்.